வெளிறிப்போன மூன்று அடி

இப்போது யாருக்கும் யாரும் வேண்டியதில்லை. கையில் ஒரு போன் இருந்தால் போதும். சுவரில் ஓதமா, வீடியோ. குழாயில் ஒழுக்கா, வீடியோ. தரையில் விரிசல் விட்டால்கூட எவனோ ஒரு வெள்ளைக்காரன் கையுறை போட்டுக்கொண்டு, பசையை ஊற்றி, தேய்த்து, பத்து நிமிஷத்தில் கண்ணாடிபோல ஆக்கிக் காட்டுகிறான். அதைப் பார்த்துவிட்டு எழுபத்தாறு வயதுக்காரர் ஒருவர் உளியை எடுத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறார். செங்கோட்டையிலிருந்து கேரளத்துப் பாலாவுக்கு வந்து நாற்பத்தாறு வருஷமாகச் சிமெண்டுத் தரை போடுகிற நான் அரை மைல் தூரத்தில் சும்மா இருக்கிறேன். உயிரோடு இருக்கும்போது என்னைக் கூப்பிட மாட்டார்கள். செத்த பிறகு கூப்பிடுவார்கள்.

அப்படித்தான், அவர் செத்து ஐந்து வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டார்கள். ஆட்டோ சுதன் வந்து வாசலில் நின்றான்.

"அண்ணாச்சி, சட்டையைப் போடுங்க. கேஸு."

சுதனுக்கு நாற்பது வயது. பாருக்குட்டி மேடம் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டேஷனுக்குப் போக முடியாத சங்கடம் யாருக்காவது வந்தால் அவரிடம்தான் போவார்கள். அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது சுதனின் ஆட்டோ. அதனால் தானும் பாதி போலீஸ் என்று இவனுக்கு ஒரு நினைப்பு.

"போலீஸ் கேஸுக்கு நான் எதுக்குடா?"

"தரைக் கேஸு அண்ணாச்சி. உலகன்னான் சேட்டன் வீட்டுத் தரை வெளுக்குது."

"வெளுத்தா வெளுக்கட்டும்."

"அடியில என்னமோ இருக்குன்னு அவர் மக சொல்லுது."

"அவரைத்தான் பள்ளிக் கல்லறையில வெச்சாச்சே."

"அதான் பாயிண்ட்டு. அப்போ அடியில வேற என்ன?"

போலீஸ்காரியை எனக்குப் பிடிக்காது. ஓய்வு பெற்றாலும் போலீஸ் போலீஸ்தான். ஆனாலும் உலகன்னான் என்ற பெயருக்காகப் போனேன். ஞாயிறுதோறும் பள்ளியில், இங்கே சர்ச்சுக்கு அதுதான் பேர், பூசை முடிந்து வரும்போது என் வாசலில் நின்று ஒரு பீடி கேட்பார். மகளுக்குத் தெரியக்கூடாது என்பார்.

பாருக்குட்டி மேடத்தின் முன்னறையில் மகள் ரோசிலி உட்கார்ந்திருந்தாள். குவைத்தில் நர்ஸ் வேலை. மடியில் ஒரு வயதுக் குழந்தை, மேடத்தின் கண்ணாடிக்கூட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. மேடம் பால் விடாத கட்டன் சாயாவை ஊதி ஊதிக் குடித்தார். கோப்பை காலியாகும்வரை பேச மாட்டார், பேசுகிறவர்களை நிறுத்தவும் மாட்டார்.

"கிறிஸ்மஸ் லீவுக்கு வர்றதா இருந்தேன் மேடம்," என்றாள் ரோசிலி. "போன்ல அப்பச்சன் வீட்டைக் காட்டுனப்ப, தரை விரிசல்லேர்ந்து எறும்பு வர்றதைப் பார்த்தேன். பிள்ளை தவழுதே அப்பச்சா, அதைச் சரி பண்ண ஏதாவது செய்யுங்கன்னு சொன்னேன். நான்தான் ஒரு வீடியோ அனுப்பி வெச்சேன்."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது குழந்தையின் தலையைத் தடவினாள்.

விரிசல் பன்னிரண்டு அடி. உள்ளறையிலிருந்து வாசற்படிவரை. வீடியோவில் சொன்ன பசை பாலாவில் எந்தக் கடையிலும் இல்லை. பெரியவர் தன் புத்தியில் சிமெண்டும் காவிப்பொடியும் கலந்து, நாளுக்கு மூன்று அடியாக அடைக்க ஆரம்பித்தார். அதற்குமேல் அவர் முழங்கால் உட்காரவிடாது. சனிக்கிழமையன்று முதலாவது மூன்று அடி. ஞாயிறு பள்ளி. திங்களும் செவ்வாயும் அடுத்த மூன்று மூன்று அடி. செவ்வாய் இரவு போனில் காட்டியிருக்கிறார். அந்தப் படம் அவளிடம் இருந்தது. ஒன்பது அடி அடைத்து மேலே ஈரச்சாக்கு. கடைசி மூன்று அடி உளியால் கொத்தித் திறந்து வாய் பிளந்து கிடந்தது.

"'நாளைக்கு ஜோப்பன் வர்றான், ரெண்டு பேரும் முடிச்சிடுவோம்'னு சொன்னார். ஜோப்பன் என் தம்பி. வேற வீட்டுல இருக்கான், பஸ் ஓட்டுறான். புதன்கிழமை மத்தியானம் நான் கூப்பிட்டேன், எடுக்கலை. ராத்திரியும் எடுக்கலை. வியாழன் சாயங்காலம் ஜோப்பன்தான் கூப்பிட்டான், அப்பச்சன் வழுக்கி விழுந்து செத்துட்டார்னு."

"தம்பி என்ன சொல்றான்?" என்றார் மேடம்.

"புதன்கிழமை முழுக்க கூட இருந்தானாம். ரெண்டு பேரும் வேலையை முடிச்சாங்களாம். அப்பச்சன் போன்ல சார்ஜ் இல்லையாம். வியாழன் அஞ்சரைக்கு வந்து பார்த்தா விழுந்து கிடந்தாராம். போஸ்ட்மார்ட்டம் வேண்டாம்னு அவனே எழுதிக் குடுத்துட்டான்."

"இதுல உனக்கு எது நம்ப முடியலை?"

"அடக்கம் முடிஞ்சும் ஒரு வாரம் தினமும் வந்தான் மேடம். என்கூடப் பேச மாட்டான். நேரா அந்தக் கடைசி மூணு அடிக்கிட்ட போவான், ஒரு குடம் தண்ணி ஊத்துவான், போயிடுவான். அப்புறம் வர்றதை நிறுத்திட்டான். நிறுத்துனதுலேர்ந்து அந்த மூணு அடி மட்டும் வெளுத்துக்கிட்டே வருது. மத்த ஒன்பது அடி நல்லாத்தான் இருக்கு." குரல் இறங்கியது. "வர்ற செவ்வாய் நாற்பத்தொன்றாம் நாள். சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க. அவன் பக்கத்துல நின்னு நான் சோறு பரிமாறணும். என் அப்பனை அவன் ஏதாவது செஞ்சிருந்தா எப்படி மேடம் நிப்பேன்?"

"அவனே கொன்னுட்டான்," என்றான் சுதன்.

"நீ ஆட்டோவை எடு," என்றார் மேடம்.

அந்த வீட்டுத் தரை பழைய சிவப்புத் தரை. தேய்த்துத் தேய்த்து, குனிந்தால் முகம் தெரியும். சுற்றிலும் ரப்பர்த் தோட்டம். கத்தினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. நான் மண்டியிட்டுப் பார்த்தேன். கிழவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். வாயை உள்பக்கம் அகலமாகக் கொத்தி, தூசியைக் கழுவி, நனைத்து, அழுத்தி அடைத்து, கல் போட்டு இழைத்திருக்கிறார். ஒன்பது அடியையும் கை தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது. ஒருவர்கூடச் சொல்லிக்கொடுக்காமல் இதைச் செய்திருக்கிறார் என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. என்னைக் கூப்பிட்டிருந்தால் அரை நாள் வேலை.

கடைசி மூன்று அடி வேறு சாதி. பழைய புண் ஆறிய தோல்போல வெளிறியிருந்தது. ஆணியால் கீறிப் பார்த்தேன். பொடி உதிரவில்லை. கல்லாக இருந்தது.

"ஒரு சொம்புத் தண்ணி குடு," என்றேன்.

வெளிறிய இடத்தில் மட்டும் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் அது கறுத்துச் சிவந்து, பக்கத்துத் தரையோடு ஒன்றாகிவிட்டது. கோடு தெரியவில்லை. ரோசிலி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மாயமந்திரம் இல்லை," என்றேன். "கலவை ஈரத்துல கறுப்பா இருக்கும், காஞ்சா வெளுக்கும். ஈரக் கலவையைத் தரையோட வெச்சுப் பார்த்து, நிறம் ஒத்துப்போச்சுன்னு பூசுனா, காஞ்ச பிறகு பல்லைக் காட்டும். தெரியாதவன் செய்யுற தப்பு. தெரிஞ்சவன் முன்னாடியே கொஞ்சம் பூசிக் காயவெச்சுப் பார்ப்பான்."

மேடம் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். நான் கவனிக்காதது அது. ஒரு கொட்டாங்கச்சியின் முதுகில் மூன்று பூச்சு, காய்ந்து கிடந்தது. ஒவ்வொன்றின் கீழும் கரிக்கோடு. ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. இரண்டாவதைத் தரையோடு வைத்துப் பார்த்தேன். அச்சு அசல்.

"பெரியவர் அளவு கண்டுபிடிச்சு வெச்சிருக்கார். அப்புறம் எதுக்கு நாலாவது நாள் மட்டும் தப்பா கலந்தார்?" என்றார் மேடம்.

"மகன் கலந்திருப்பான்," என்றான் சுதன்.

"பக்கத்துல அப்பன் உக்காந்திருந்தா கலக்க விட்டிருப்பாரா?"

மேடம் அடுக்களைக்குள் போனார். உப்புச்சாடிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. கிழமைக்கு இரண்டு அறை, காலைக்கும் இரவுக்கும். பிரஷர் மாத்திரைக்காக ரோசிலி குவைத்திலிருந்து கொடுத்துவிட்டது. அதைத் திறந்து ஒவ்வொரு மூடியாகப் பார்த்தார். பிறகு ரோசிலியிடம் கேட்டார்.

"மாத்திரை மறப்பாரா?"

"குர்பானாப் பூசையைக்கூட மறப்பார், மாத்திரையை மறக்க மாட்டார். நான் திட்டுவேன்னு பயம்."

புதன் காலை அறை காலி. புதன் இரவு அறையில் மாத்திரை இருந்தது. வியாழனிலும் இருந்தது. அதை எல்லாருக்கும் காட்டிவிட்டு மேடம் பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"சுதா, உனக்கு ரெண்டு வேலை. ஜோப்பன் புதன்கிழமையும் வியாழக்கிழமையும் எங்க இருந்தான்னு பஸ்ஸுல கேளு. இன்னொண்ணு, பள்ளியில போய் நாற்பத்தொன்றாம் நாள் பூசைக்கு யார் யார் சொல்லியிருக்காங்கன்னு கேளு."

"பூசைக்கும் கொலைக்கும் என்ன மேடம் சம்பந்தம்?"

"போய்க் கேளு."

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லாரும் உலகன்னான் வீட்டு முன்னறையில் இருந்தோம். ஜோப்பனை வரச் சொல்லியிருந்தார் மேடம். வெள்ளைச் சட்டை, வெள்ளை முண்டு, கையில் ஜெபமாலை. நெற்றியில் தண்ணீர் தொட்டுச் சீவிய முடி. வாசலில் எங்கள் நாலு பேரையும் பார்த்ததும் நின்றுவிட்டான். முப்பத்தைந்து வயதிருக்கும். அப்பனின் அதே உருண்டை முழங்கை.

"உக்காரு ஜோப்பா," என்றார் மேடம். "கேஸு கிடையாது, பேப்பர் கிடையாது. உன் சேச்சிக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும், தனக்கு ஒரு தம்பி மிச்சம் இருக்கானா இல்லையான்னு."

அவன் உட்காரவில்லை. வெளிறிய மூன்று அடியைத் தாண்டி வராமல் அந்தப் பக்கமே நின்றான்.

"புதன்கிழமை அப்பன்கூட இருந்தேன்னு சொன்னே. அன்னிக்குக் காலை அஞ்சு மணியிலேர்ந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் நீ பஸ் ஓட்டியிருக்கே. லீவு போட்டிருந்தவன், இன்னொருத்தன் டூட்டியையும் கேட்டு வாங்கி ஓட்டியிருக்கே. கண்டக்டர் சொன்னான். அதனால நீ அவரைத் தொடலை. அது முதல்ல. ரோசிலி, கேட்டுக்க, இவன் தொடலை."

ரோசிலி மூச்சை விட்டாள். விஷயம் அதோடு முடியவில்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"புதன் காலை மாத்திரை போட்டிருக்கார். ராத்திரி மாத்திரை போடலை. அப்போ புதன் பகல்லயே விழுந்துட்டார். காலையில சாக்குக்குத் தண்ணி ஊத்தியிருப்பார். இந்தத் தரை நனைஞ்சா ஐஸ். வியாழன் மூணு மணிக்கு நீ பள்ளி ஸ்டாப்புல இறங்குனே. ஆளைக் கூப்பிட்டது அஞ்சரைக்கு. நடுவுல ரெண்டரை மணி நேரம். அந்த நேரத்துலதான் இதைப் பூசியிருக்கே. ஈரத்துல நிறம் பார்த்திருக்கே. அண்ணாச்சி சொல்லித்தான் எனக்கு அது தெரிஞ்சது."

"யார் வேணா எதையும் சொல்லட்டும்," என்றான் ஜோப்பன்.

"நாளைக்கு நாற்பத்தொன்றாம் நாள்னு குடும்பமே சொல்லியிருக்கு. நீ மட்டும் இன்னிக்கு ஒரு பூசைக்கு, தனியா, உன் பேரைக்கூடச் சொல்லாம, உலகன்னான்னு மட்டும் எழுதிக் குடுத்திருக்கே. அங்கேர்ந்துதானே வர்றே? வியாழன்லேர்ந்து எண்ணினா செவ்வாய். புதன்லேர்ந்து எண்ணினா திங்கள். ஊருக்குப் பொய் சொல்லிட்டே. கர்த்தர்கிட்டச் சொல்ல முடியலை."

ஜோப்பன் அப்போதுதான் உட்கார்ந்தான், தரையிலேயே.

"செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார்," என்றான். "'முட்டி போச்சுடா மோனே, ரோசிலி பிள்ளை வருது, வந்து கைகுடு'ன்னார். எனக்கு எரிஞ்சுது. என் பிள்ளைங்க ரெண்டும் இந்த விரிசல்மேல உக்காந்துதான் பத்து வருஷம் சோறு தின்னுச்சு. அப்போ எறும்பு இல்லையா? வர்றேன்னு சொல்லிட்டு வரலை. வேணும்னேதான் வரலை. ஒரு நாள் காத்திருக்கட்டும்னு நினைச்சேன்."

"அப்புறம்?" என்றார் மேடம்.

"வியாழன் வந்தேன். கொத்தி வெச்ச இடத்துல தலை பட்டிருந்துச்சு. ரத்தம் பூரா அந்தக் குழிக்குள்ள ஓடிக் காஞ்சு கிடந்துச்சு. எறும்பு." வாயைத் துடைத்துக்கொண்டான். "சேச்சி வந்து இதைப் பார்த்தா செத்துடும்னு தோணுச்சு. அந்தப் பிள்ளை தவழணும்னுதானே மனுஷன் தோண்டினார். கழுவினேன். போகலை. அதான் பூசிட்டேன். ஏழு நாள் நனைக்கணும்னு போன்ல சொல்லியிருந்தார். நனைச்சேன்."

"நான் புதன்கிழமை ரெண்டு தடவை கூப்பிட்டேன்டா," என்றாள் ரோசிலி. அழுகையில்லாத, தேய்ந்த குரல். "எடுக்கலை."

"அவரை ரெண்டு தடவை கூப்பிட்டே. என்னை ஒரு தடவை கூப்பிட்டிருந்தா, ராத்திரியே ஓடிவந்திருப்பேனே சேச்சி."

அவர்கள் தாய் செத்தபோது லீவு கிடைக்காமல் ரோசிலி வரவில்லை. இனி வரவேண்டாம் என்று இவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து இரண்டு வருஷம் பேச்சில்லை. அந்தப் புதன்கிழமை ராத்திரி தம்பியின் நம்பரை எடுத்து, பார்த்து, மறுபடி வைத்துவிட்டாள் என்று பிறகு மேடத்திடம் சொன்னாளாம்.

குழந்தை அவள் மடியிலிருந்து வழுக்கி இறங்கியது. தரையில் கை வைத்து, வழவழப்பில் ஒருமுறை சறுக்கி, பன்னிரண்டு அடி நீளத்துக்கும் தவழ்ந்து போய் ஜோப்பனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. அவன் அதைத் தொடலாமா என்று அக்காளைப் பார்த்தான்.

"தூக்கு," என்றாள் ரோசிலி. "கீழ விழப்போகுது."

கொஞ்சநேரம் கழித்து என்னிடம் கேட்டாள். "அண்ணாச்சி, நாளைக்குள்ள இதைக் கொத்தி எடுத்து, மத்த நிறத்துல பூசித் தர முடியுமா?"

"முடியும்."

அவள் அந்த வெளிறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம். கொத்தாதீங்க. இருக்கட்டும்."

சுதன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாருக்குட்டி மேடம் மாத்திரைப் பெட்டியை எடுத்து ரோசிலியின் கையில் கொடுத்தார். எல்லாம் முடிந்தது என்ற முகம். ஆனால் எனக்கு முடியவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன்.

"நீ பூசும்போது அவர் எங்க கிடந்தார்?"

"பக்கத்துலதான். முண்டு மாத்தி, பாய்ல படுக்க வெச்சிருந்தேன்."

"ரெண்டரை மணி நேரம்."

"ஆமா அண்ணாச்சி."

"போதும்," என்றார் மேடம்.

வாசலுக்கு என்னோடு வந்து மெதுவாகச் சொன்னார். "தலையில ஒரே அடி அண்ணாச்சி. விழுந்ததே அவருக்குத் தெரிஞ்சிருக்காது. அவனும் அக்காளுக்காகத்தான் செஞ்சான். விட்டுடுங்க."

இதை அவருக்கு யார் சொன்னது? புதன் பகலுக்கும் வியாழன் மூன்று மணிக்கும் நடுவில் அந்த வீட்டில் எறும்பைத் தவிர ஒருவரும் இல்லை. ஒரே அடியா, ராத்திரி முழுக்க உயிரோடு கிடந்தாரா, எறும்பு சொல்லாது. அக்காள் பார்க்கக்கூடாது என்று பூசினானா, ஊர் பார்க்கக்கூடாது என்று பூசினானா, அவனுக்கே தெரியுமோ என்னவோ. செத்த அப்பனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சிமெண்டு குழைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்க்க ஒருவனுக்குக் கை வருமா? எனக்கு வராது. பாருக்குட்டி மேடம் நம்பினார். மகள் நம்பினாள். நம்பியாக வேண்டும் அவளுக்கு, நாளைக்குச் சோறு பரிமாறணும்.

படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். யாரோ கால் கழுவி வந்த ஈரம் பட்டு, வெளிறிய கோட்டில் ஒரு சாண் மட்டும் நல்ல சிவப்பாக இருந்தது. காய்ந்துகொண்டே வந்தது.

"அண்ணாச்சி," என்று ஜோப்பன் பின்னால் வந்தான். குழந்தை இன்னும் அவன் தோளில் இருந்தது. "எட்டு மணி வண்டி நான்தான் எடுக்கிறேன். ஸ்டாப்புல நில்லுங்க, வீட்டுக்கிட்ட இறக்கிவிடுறேன்."

"நடந்துக்குவேன்," என்றேன்.

ரப்பர்த் தோட்டம் தாண்டி ரோட்டில் ஏறினேன். என் வாசலுக்கு இன்னும் ஒரு வளைவு இருக்கும்போது பஸ் பின்னால் வந்து, வேகம் குறைத்து, ஹார்ன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி நடந்தேன். இன்னொரு தடவை அடித்தான். நான் திரும்பவில்லை.